ரயில் கண்ட விதானை

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் சொல்லும்போது எங்கள் ஊரில் பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய மாமனார், இன்ன வீதியில் இருந்தவர் என்றெல்லாம் சொல்லி, கடைசியில் ஊர் வைத்த பட்டத்தையும் சொன்னால்தான் ஆள் யாரென்று பிடிபடும். சென்ற வருடம், நோன்புக்கு முந்திய மாதத்தில், ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் வந்தது. அவருடைய வாப்பாவின் பெயர் வந்தது. பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு, "ரயில் கண்ட விதானை" என்றும் சொன்னார்கள்.

நான் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு நின்றேன். ஆள் கடைசி மூச்சில் இருக்கிறார் என்பது காலையிலேயே தெரியும். அழுகையும் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டத்தைக் கேட்டதும் அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. அந்த ரயிலில் எங்கள் ஊரார் பத்தொன்பது பேர் இருந்தோம். அதில் எதையும் காணாத, எதையும் கேளாத ஒரே ஆள் அவர்தான். அவர் நித்திரை.

அவருடைய நித்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சவளக்கடைப் பக்கத்தில் ஒரு வட்டைக்கு அவர் பல வருடம் விதானையாக இருந்தார். வட்டை என்பது ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்களின் கூட்டம். யாருக்கு எந்த நாள் தண்ணீர், எந்த வரம்பில் வக்கடை வெட்டித் தண்ணீரை விடுவது, எப்போது மண் போட்டு அடைப்பது என்பதையெல்லாம் விதானைதான் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்ட அந்த மனிதர், வாய்க்கால் கட்டில் மருத மரத்தடியில் குடையை விரித்து முகத்துக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு நித்திரை கொள்வார். அந்த நேரம் பார்த்து ஆளாளுக்கு வக்கடையைக் கொத்திவிடுவார்கள். ஆனால் அந்த வட்டையில் தண்ணீருக்காக மண்டை உடைந்ததாக ஒரு கதையும் கிடையாது. பக்கத்து வட்டை விதானை கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தவர். அங்கே போகத்துக்குப் போகம் பொலிஸ் வரும்.

"எல்லாரும் கள்ளன் எண்டா சண்ட வராது தங்கச்சி. ஒருத்தன் மட்டும் நல்லவன் எண்டாத்தான் வரும்," என்பார் எங்கள் விதானை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கி இரண்டாவது வசனத்துக்கு வருமுன்னே அவர் போய்விடுவார் என்று என் கணவர் சொல்வார். தூணில் சாய்வதில்லை. சாய்ந்து தூங்கினால், தொழுகைக்காகக் கைகால் கழுவிச் செய்த ஒழு முறிந்துவிடும். தரையில் அசையாமல் அமர்ந்தபடி தூங்கினால் முறியாது. இந்தச் சட்டத்தை ஓர் ஆலிமிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, மடியில் கை வைத்து, மலைபோல இருந்து தூங்கும் வித்தையைப் பழகியிருந்தார். மார்க்கத்தில் அவர் கரைகண்டது அந்த ஒரு சட்டத்தில்தான் என்று அவருடைய மனைவி சொல்வார். கலியாண வீட்டில் தூங்குவார். பிள்ளைகளின் பரிசளிப்பு விழாவில் தூங்குவார். ஒருமுறை பல் பிடுங்கப் போய், வாயை மரக்கச் செய்யும் ஊசி ஏறும் வரை இருக்கச் சொன்ன கதிரையிலேயே தூங்கிவிட்டார். பல்லைப் பிடுங்கிய பிறகு தட்டி எழுப்பினார்களாம்.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதை எங்கள் பக்கம் நீட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். ஆகவே எங்களுக்கு ரயில் என்பது ஒரு விளையாட்டுச் சாமான் மாதிரி. எங்கள் வீதிப் பையன் ஒருவனுக்குக் கொழும்பில் கலியாணம் சரிவந்தபோது, பஸ் வேண்டாம், எல்லோரும் ரயிலில் போவோம் என்று முடிவாயிற்று. இரண்டு வேன்களில் மட்டக்களப்புக்குப் போய்க் காலை ரயிலைப் பிடித்தோம். அவித்த முட்டை, ரொட்டி, இடியப்பப் பார்சல், மூன்று சுடுதண்ணீர்ப் போத்தல் நிறையத் தேத்தண்ணி.

என் கணவருக்குக் கட்டாரில் வேலை. நானும் என் மகளும் போனோம். அவளுக்கு அப்போது இருபது வயது. கொழும்பு கம்பஸுக்கு எடுபட்டிருந்தாள். பல்கலைக்கழகக் கடிதம் வந்து மூன்று நாள்தான்.

நடைபாதைப் பக்கம் முன்பின் தெரியாத ஆண்கள் போய்வருவார்கள் என்று அவளை ஜன்னல் பக்கம் இருத்தினேன். அது ஒரு தாயின் பாதுகாப்பு ஏற்பாடு. அவளுக்கு எதிரே, அண்ணன் முறைக்கு நாங்கள் காக்கா என்று கூப்பிடும் விதானைக் காக்கா இருந்தார். ஏறாவூர் தாண்டுமுன்னே நித்திரை.

வாழைச்சேனைக்கு அப்பால் ஒரு வளைவில், கேற் இல்லாத ஒரு கடவையில், ஒரு மோட்டார் சைக்கிள் தண்டவாளத்துக்குள் அகப்பட்டு நின்றது. அதை இழுத்தெடுக்க ஒருவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஹோர்ன் சத்தம் நீளமாக, நிற்காமல் கேட்டது. பிறகு வேறொரு சத்தம். பிறகு சக்கரங்கள் இறுகி எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தோம். என் மகள் மட்டும் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

பெட்டிக்குள் ஒரு கணம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்குள் விதானைக் காக்கா கண்ணைத் திறந்தார். தொப்பியைச் சரிசெய்தார். கேட்டார்:

"பொலன்னறுவ வந்திட்டா?"

ரயில் அந்த இடத்தில் இரண்டரை மணித்தியாலம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவர் தானாக விளங்கிக்கொண்டு, தலையைக் குனிந்து இருந்தார். அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. உலகமே இடிந்து விழுந்த இடத்தில் ஒரு மனிதனால் எப்படித் தூங்க முடிந்தது என்று. அந்த ஆத்திரம் பொறாமை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கலியாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இதில் என்ன பங்கு? மண்டபத்தில் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுவிட்டு பலர் சேர்ந்து உண்ணும் புரியாணிச் சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்தோம். வட்டிலப்பம் இரண்டாம் தரம் கேட்டவர்களும் உண்டு. மகள் மட்டும் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. திரும்பி வரும்போது ஒருவரும் ரயிலின் பெயரை எடுக்கவில்லை. பஸ்ஸில் வந்தோம்.

ஊர் எங்களுக்கு முன்பே விபத்தைக் கண்டுவிட்டிருந்தது. எல்லோருடைய வட்ஸ்அப்பிலும் ஒரு வீடியோ. அதில் ரயில் ஒரு லொறியை இடித்தது. தண்டவாளத்தின் இரு பக்கமும் முழங்காலளவுக்கு வெள்ளைவெளேரென்று பனி கொட்டிக் கிடந்தது.

"வாழைச்சேனப் பக்கம் விடியப்பொறத்தால நல்ல மூட்டம்தானே," என்று என் கணவரின் தம்பி விளக்கம் சொன்னார்.

பிறகு விசாரிக்க வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒன்று நடந்தால் போய் விசாரிப்பது கடமை. போகாவிட்டால் அது மூன்று தலைமுறைக்கு நினைவிருக்கும். மோல்ட் பக்கட்டோடு வந்தார்கள், பிஸ்கட்டோடு வந்தார்கள், தோடம்பழத்தோடு வந்தார்கள். மகளின் கட்டிலைச் சுற்றி இருந்து தலையைத் தடவினார்கள். "பாவம் புள்ள, இத மறந்திடணும்," என்றார்கள். அடுத்த வார்த்தை, "எப்பிடி நடந்த? ஆள் மறுகா எங்க கிடந்த?" மறக்கச் சொல்ல வந்த எல்லோருக்கும், எதை மறக்க வேண்டும் என்பதை முதலில் விபரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரு மாமி பயம் தெளிய ஓதிய தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்தார். மகள் ஒரு மிடறு குடித்ததும், "இப்ப சொல்லு," என்றார்.

மகள் சொல்லவில்லை. அவளுக்குக் காய்ச்சல். நான்கு நாளில் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வசனம்: "அவர் கையத் தூக்கினார் உம்மா." அதற்குமேல் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். வீதியில் ஒரு வேன் போனால் காதைப் பொத்துவாள். கம்பஸில் பதிவதற்கு ஆறு கிழமை இருந்தது. அலுமாரிக்குள் கிடந்த அந்தக் கடிதத்தை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்த்தேன். வாசிப்பதற்கல்ல. அது அங்கே இருக்கிறதா என்று பார்க்க.

ஐந்தாம் நாள் காலை விதானைக் காக்கா தன் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, எங்கள் கேற்றுக்கு உட்பக்கம் மாமர நிழலில் போட்டு அமர்ந்தார்.

"என்ன காக்கா?"

"ஒண்டுமில்ல தங்கச்சி. எங்கட வளவுக்குள்ள ஒரே வெக்க. இஞ்ச காத்து வருகுது."

இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு மதில்தான். காற்று மதிலைப் பார்த்து வீசுவதில்லை.

"மகள் என்னமும் வாய் திறந்தவவா?"

அந்த ஒரு வசனத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சற்று நேரத்தில் இரண்டு பெண்கள் பிஸ்கட் பையோடு கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காக்கா கையை நீட்டி மறித்தார்.

"எங்க போறீங்க? புள்ளக்கிட்டயா? அவ என்னத்தக் கண்டிரிப்பா, ஜன்னலால ஒரு மூல தெரிஞ்சிரிக்கும். நான் எதிர்ல இரிந்த ஆள். எண்ட ரெண்டு கண்ணாலயும் முழுசாக் கண்ட. இரிங்க, சொல்றன்."

இருந்தார்கள். ஒரு மணித்தியாலம் சொன்னார். மோட்டார் சைக்கிளின் நிறத்தைச் சொன்னார். ரயில் சாரதியின் மீசையைச் சொன்னார். புகையைச் சொன்னார், அது எந்தப் பக்கம் போயிற்று என்பதையும் சொன்னார். நான் சமையலறை வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமலேயே போனார்கள்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. சாய்ந்தமருதிலிருந்து வந்தார்கள், மருதமுனையிலிருந்து வந்தார்கள். கேற்றடியிலேயே எல்லோருக்கும் கதை கிடைத்தது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் வளர்ந்தது. தேத்தண்ணி ஊற்றி ஊற்றி என் கை ஓய்ந்தது. ஆனால் மகளின் அறைக்குள் யாரும் வரவில்லை. ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது.

மற்றப் பதினாறு பேரும் ஏன் அவரை மறுத்துப் பேசவில்லை என்று நீங்கள் கேட்கலாம். "பொலன்னறுவ வந்திட்டா" என்ற கேள்வியைக் கேட்டவர்கள்தானே அவர்களும். எங்களோடு ரயிலில் வந்த, மாப்பிள்ளையின் வாப்பாவுக்குத் தம்பியான சாச்சாவிடம் இதைக் கேட்டேன். "அவர் சொல்லட்டும் மகள். அவர் சொல்லுமட்டும் நம்மட்ட ஒருத்தரும் கேக்க மாட்டாங்க," என்றார். அந்த மனிதர் பயணம் முடிந்து வந்ததிலிருந்து சத்தம் தாங்காமல் வீட்டில் கதவைச் சாத்தவே விடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

ஒருநாள் ஆட்கள் போன பிறகு காக்காவிடமே கேட்டேன்.

"நீங்க நித்திரைதானே காக்கா?"

"ஓம்."

"பின்ன?"

"கண்டவனுக்கு வாய் வராது தங்கச்சி. ஊருக்குக் கத வேணும். காணாதவன் ஒருத்தன் இரிக்கிறது நல்லம்தானே." பிறகு மகளின் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தண்ணி எங்கயாவது ஓடத்தான் ஓடும். பயிருக்குள்ள பாயாமப் பாத்தாச் சரி."

ஊர் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. சந்தையடியில் ஒரு ஊர்வலம் நடந்தது. ஒரு பதாகையில், கடவைக்கு உடனே கேற் போடு என்று எழுதியிருந்தது. அந்தக் கடவை எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அதற்குப் பின்னால் வந்த பதாகையில், எங்கள் ஊருக்கு உடனே ரயில் விடு என்று எழுதியிருந்தது. இரண்டையும் ஒரே கடையில் எழுதியிருக்க வேண்டும், எழுத்தும் ஒன்று, நிறமும் ஒன்று.

வினை வேறு பக்கத்தால் வந்தது. இறந்தவர் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒரு ஹாஜியார் ஒருநாள் மாலை வந்து, கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, எல்லோர் மனதிலும் கிடந்ததைக் கேட்டார்.

"நம்மட ஆளா?"

காக்கா கொஞ்சம் தடுமாறினார். "ஆர் கண்ட? கடைசியா ஒருக்காக் கையத் தூக்கின."

"எப்பிடி? சலாம் சொல்றாப் போலயா?"

அந்த இடத்தில் "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு கிழமையாக எல்லாம் தெரிந்த மனிதராக இருந்துவிட்டார். "அப்பிடித்தான் தெரிஞ்ச," என்றார்.

உள்ளே மகளின் அறையில் ஒரு பீங்கான் தரையில் விழுந்து உடைந்தது. ஓடினேன். அவள் கட்டிலில் எழும்பி நின்றுகொண்டிருந்தாள். விழுந்த பீங்கான் அல்ல, எறிந்த பீங்கான்.

"அது சலாம் இல்ல உம்மா," என்றாள். "சலாம் இல்ல!"

அதுதான் அவளுடைய இரண்டாவது வசனம். நான் அதை யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ரயிலில் அடிபட்டு இறந்த, பெயர் தெரியாத சகோதரருக்காகக் காயிப் ஜனாஸா. அதாவது மையித்து, இறந்தவரின் உடல், முன்னால் இல்லாமல் தூரத்திலிருந்து தொழும் ஜனாஸாத் தொழுகை. பள்ளி நிரம்பி வீதி வரை நின்று தொழுதார்களாம். பெருநாளைக்குக்கூட வராதவர்கள் வந்தார்களாம். ஒரு முகம் தெரியாத மனிதனுக்காக எங்கள் ஊர் அப்படி ஒன்றாக நின்று நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று பின்னேரம் காக்கா வந்தார். கதிரையில் அமரவில்லை.

"ஒரு வக்கடையத்தான் திறந்த தங்கச்சி," என்றார். "வட்டையே வெள்ளமாப் போயிட்டு."

அதன்பிறகு அவர் கதையைக் குறைத்துக்கொண்டார். கேட்க வந்தவர்கள் நீட்டச் சொல்லிக் கெஞ்சினார்கள். மகள் அறையைவிட்டு வெளியே வந்து சாப்பிடத் தொடங்கியிருந்தாள், ஆனால் காக்காவின் குரல் கேட்டால் எழும்பிப் போய்விடுவாள். கேற்றைத் தாண்டவில்லை. கடிதத்தைப் பற்றிக் கதைத்தால் காது கேட்காத மாதிரி இருந்தாள். பதிவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கட்டாரிலிருந்து என் கணவர் ஒவ்வொரு நாளும் கேட்பார், நான் ஒவ்வொரு நாளும் "பாப்பம்" என்பேன்.

அப்படிப் பன்னிரண்டு நாள் மீதியிருந்த அன்றுதான் ஒரு மூன்று சக்கர வண்டி வந்து எங்கள் கேற்றடியில் நின்றது. மருதமுனைச் சாறன் வியாபாரி ஒருவர் இறங்கினார். அவர் மோட்டார் சைக்கிளில் சாறனும் சேலையும் கட்டிக்கொண்டு வாழைச்சேனைக்கு அப்பாலுள்ள கிராமங்களுக்கெல்லாம் போய் வருபவர். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா இறங்கினார். நெற்றியில் திருநீறு. கையில் ஒரு தயிர் முட்டி, வாய் வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

"ரயில்ல அடிபட்டது இவட மகன்தான் காக்கா," என்றார் வியாபாரி மெல்ல.

ஐந்து நிமிடத்தில் வீதி கூடிவிட்டது. ஹாஜியாரும் வந்துவிட்டார். எல்லோரும் முதலில் பார்த்தது அந்த அம்மாவின் நெற்றியை. பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நிலத்தைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா தயிர் முட்டியை என் கையில் தந்துவிட்டு, பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"எண்ட புள்ளக்காக நீங்க பெரிய பள்ளி நிரம்பத் தொழுததெண்டு இந்தக் காக்கா சொன்னார். எங்கட ஊர்லயே செத்த வீட்டுக்கு அவ்வளவு சனம் வரல்ல. அதுதான் ஒருக்கா நேர்ல வந்து சொல்லிட்டுப் போவம் எண்டு."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "அது... நாங்க... அல்லாஹ்..." என்று தொடங்கி, முடிக்க வழி தெரியாமல் நின்றார்.

"ஆருட்டக் கேட்டா என்ன, அவனுக்காகக் கேட்டதுதானே," என்றார் அந்த அம்மா. பிறகு கதிரையில் இருந்தவர் பக்கம் திரும்பினார். "கண்ட ஆள் நீங்கதானாம். எனக்கு ஒண்டு மட்டும் கேக்கணும். கையத் தூக்கினானாமே. ஆரைக் கூப்பிட்டான்?"

காக்கா எழும்பி நின்றார்.

"எண்ட இளைய மகள் பின்னால சைக்கிள்ள வந்தவள்," என்றார் அம்மா. "அண்ணன் என்னக் கையக் காட்டி வா எண்டு கூப்பிட்டான், மோட்டார் சைக்கிள இழுக்கத்தான் கூப்பிட்டான், நான் பயத்துல போகல்ல எண்டு சொல்றாள். நான் போயிருந்தா இழுத்திரிப்பம் எண்டு சொல்லிச் சொல்லி அடிச்சிக்கொள்றாள். சோறு தின்றாளில்ல. பள்ளிக்கூடம் போறாளில்ல. நீங்க கண்டயள். சொல்லுங்க. அவளக் கூப்பிட்டானா?"

"இல்லம்மா, கூப்பிடல்ல" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு மாதமாக ரயில் சாரதியின் மீசை வரைக்கும் கண்டு சொன்ன மனிதருக்கு அது ஒரு பெரிய காரியமா? சொல்லுங்கள் காக்கா, சொல்லிவிடுங்கள் என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, நான் காணல்ல," என்றார். "நான் நித்திர. ரயில் நிண்ட பொறகுதான் முழிச்ச. இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் பொய்."

அவர் திரும்பி, மகளின் ஜன்னல் திரையைப் பார்த்தார்.

"கண்ட ஆள் உள்ள இரிக்கி. வாறதும் வராததும் அவட விருப்பம்."

இத்தனை நாள் காவல் காத்த கேற்றைத் தானே திறந்துவிட்டாரே இந்த மனிதர். தயிர் முட்டியோடு ஓடிப் போய் அறை வாசலை மறித்தேன். "நீ வராத மகள். ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்றேன். அவள் ஏற்கெனவே தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் தள்ளவில்லை. என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, முற்றத்துக்கு இறங்கினாள்.

"பின்னால ஒரு பிள்ள சைக்கிளோட நிண்ட," என்றாள். ஒரு மாதம் உபயோகிக்காத குரல், கரகரத்து வந்தது. "நீல உடுப்பு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். காக்காவின் கதைகளில் எந்தப் பிள்ளையும் இருந்ததில்லை, எந்த நீலமும் இருந்ததில்லை.

"அவர் கூப்பிடல்ல," என்றாள் மகள். "இப்பிடி."

வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கை வெளிப்பக்கம். காற்றை இரண்டு தரம் தள்ளினாள்.

"இன்னொருக்காக் காட்டு மகள்," என்றார் அம்மா.

காட்டினாள்.

"உள்ளங்கை அங்காலயா? அவட பக்கமா?"

"ஓம். ரெண்டு தரம். ரயில அவர் பாக்கவே இல்ல. அந்தப் பிள்ளயத்தான் பாத்தார்."

"அப்ப வராத எண்டுதான்."

"வராத எண்டுதான்."

அந்த அம்மா என் மகளின் கையைப் பிடித்து, தன் கையை அதன்மேல் வைத்து, அதே மாதிரித் தள்ளிப் பார்த்தார். சரியா என்று முகத்தைப் பார்த்தார். மகள் அவருடைய மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்திவிட்டாள். இருவரும் அழுததாக நான் சொல்லப்போவதில்லை. அழுததெல்லாம் மற்றவர்கள். ஹாஜியார் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு மாமரத்தடியில் நின்றார்.

தேத்தண்ணி குடிக்கக்கூட அம்மா நிற்கவில்லை. இருட்டுமுன் போய் மகளுக்குச் செய்து காட்ட வேண்டும் என்றார். மூன்று சக்கர வண்டி திரும்பும்போது, அவர் உள்ளே இருந்து கையைத் தூக்கி, உள்ளங்கையை வெளியே காட்டி, இரண்டு தரம் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தார். வீதியில் நின்ற எல்லோரும் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

காக்கா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

இப்போது ஊர் இவரை என்ன செய்யும் என்று பயந்தேன். பொய்யர் என்று பட்டம் வைப்பார்கள், பள்ளியில் பக்கத்தில் இருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு ஊரைத் தெரியவில்லை. அடுத்த நாளே முடிவு வந்துவிட்டது. அந்தத் தாயின் மனம் நோகக் கூடாது என்பதற்காக விதானைக் காக்கா கண்டதைக் காணவில்லை என்று பொய் சொன்னாராம். எவ்வளவு பெரிய மனசு என்று வியந்தார்கள். அவர் வாழ்நாளில் அந்த விடயத்தில் சொன்ன ஒரே உண்மையைத்தான் ஊர் பொய் என்று நம்பியது. "நித்திர கொண்ட எண்டு சொன்னாரே, அந்தச் சத்தத்துல ஆருக்கு நித்திர வரும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பட்டம் நிலைத்துவிட்டது.

பதிவுக்கு முதல் நாள் போக வேண்டும். பஸ்ஸில் இருக்கை சொல்லி வைக்கவா என்று மகளிடம் கேட்டேன்.

"ரயில்ல போவம்," என்றாள்.

நான் மறுக்குமுன், மதிலுக்கு அப்பால் இருந்து ஒரு குரல் வந்தது. "நானும் வாறன் தங்கச்சி. எனக்கு ரயில்ல நல்லா நித்திர வரும்."

அதே காலை ரயில். மகள் முந்திய இரவு முழுதும் கண் மூடவில்லை. ஜன்னல் பக்கம் நான் இருக்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. காக்கா எதிரே அமர்ந்தார். ஏறாவூர் வந்தது, போனது. அவர் தூங்கவில்லை. ஜும்ஆவில் இருப்பதைப்போல முதுகை நிமிர்த்தி, மடியில் கை வைத்து, மலைபோல இருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது. அப்படி ஒரு காட்சியை நான் அன்றுதான் கண்டேன். மகளின் தலை மெல்ல மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. வாய் கொஞ்சம் திறந்து, சின்னப் பிள்ளையாக இருந்தபோது தூங்குவாளே, அப்படி.

வாழைச்சேனை தாண்டியதும் அவர் எழும்பி, சத்தம் கேட்காமல் ஜன்னல் பலகையைப் பாதி இறக்கிவிட்டார். ஹோர்ன் அடித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திறந்தபோது, அவர் குனிந்து, பலகைக்குக் கீழே மீதியிருந்த இடைவெளியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வளைவு முடியும் வரை பார்த்தார். பிறகு பலகையைத் திரும்ப உயர்த்திவிட்டு அமர்ந்தார். கேற் இன்னும் போடவில்லை என்று மட்டும் சைகையால் எனக்குச் சொன்னார்.

கொஞ்ச தூரம் போன பிறகு மகள் அசைந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"பொலன்னறுவ வந்திட்டா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னும் இல்ல மகள்," என்றார். "நீ நித்திரயக் கொள்ளு. நான் முழிப்பாத்தான் இரிக்கன்."